பக்கப் பையைத் தாங்க வேண்டியது வாரா, சட்டமா?

மியான்மாரின் தட்டோனிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வி சுருக்கமாக இதுதான். அவரிடம் ஹோண்டா வேவ் 125 வண்டி இருக்கிறது. வாரத்தில் இரண்டு முறை மௌல்மீன் சந்தைக்குப் போய்த் துணிக் கட்டுகளை எடுத்து வருகிறார். அதற்காக, இருக்கையின் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் ரெக்ஸின் பைகளை வாங்கினார். சில வாரங்களிலேயே இடப்பக்கப் பையின் உட்புறத்தை டயர் தேய்த்துத் துளையாக்கிவிட்டது. வலப்பக்கப் பையின் அடிப்பகுதி சைலன்சர் சூட்டில் சுருங்கிக் கருகிவிட்டது. ஒருவர் வாரை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னாராம். இன்னொருவர் பைகளை ஒதுக்கிவிட்டு இரும்புப் பெட்டி செய்து மாட்டச் சொன்னாராம். இரண்டில் எது சரி என்பது கேள்வி. சில நாள்களில் மனைவியும் பின்னால் உட்கார்ந்து வருவார் என்ற செய்தியைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

பையா பெட்டியா என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த எடையை வண்டியின் எந்த உறுப்பு தாங்குகிறது, அது பின்சக்கரத்தின் அச்சுக்கு முன்னால் உட்காருகிறதா பின்னால் உட்காருகிறதா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் துணிப் பையும் ஒழுங்காக இருக்கும், பெட்டியும் ஒழுங்காக இருக்கும். கிடைக்காவிட்டால் இரண்டுமே தொல்லைதான். நான் பல ஆண்டுகளாக மௌல்மீனில் சிறிய வண்டிகளைப் பழுதுபார்த்தும், அவற்றுக்குக் கேரியரும் பக்கச் சட்டமும் செய்து கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. வேவ் வண்டிகளிலேயே ஆண்டுக்கு ஆண்டு பின்பகுதியின் அமைப்பு மாறியிருக்கிறது. ஆகையால் நான் சொல்லும் அளவுகளை உங்கள் வண்டியில் நாடா வைத்துச் சரிபார்த்த பிறகே எதையும் வெட்டவோ துளையிடவோ செய்யுங்கள். எடை, நெம்புதல், சூடு ஆகியவை பற்றிச் சொல்வது உறுதியானது. இடைவெளி எவ்வளவு போதும் என்று சொல்வது பட்டறை அனுபவத்தில் வந்த என் கணிப்பு.

வாரை இறுக்குவது ஏன் போதாது என்பதை முதலில் பார்ப்போம். குறுக்கே போடும் பையை மேலிருந்து ஒரு வார் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடிப்பகுதியைப் பிடிக்க எதுவும் இல்லை. சாலைக் குழியில் வண்டி குதிக்கும்போது பையின் அடி வெளியே போய் மீண்டும் உள்ளே அடிக்கிறது, திருப்பத்தில் சாயும்போது இன்னும் அசைகிறது. வேவ் போன்ற வண்டியில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் குலுக்கலைத் தாங்கும் ஒவ்வொரு ஷாக் இருக்கிறது. ஷாக்குக்குப் பின்னால் பையைத் தடுக்க எதுவும் இல்லாத வெற்றிடத்தில்தான் பையின் பின்மூலை உள்ளே மடிந்து டயரைத் தொடுகிறது. உங்கள் இடப்பக்கப் பையில் துளை விழுந்த இடத்தைப் பாருங்கள், அநேகமாக அது பின்மூலைக்கு அருகில்தான் இருக்கும். வாரை எவ்வளவு இறுக்கினாலும் அது பையை மேலே தூக்குமே ஒழிய உள்ளே மடியாமல் தடுக்காது. நனைந்த துணிவார் நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் சரியாக இருந்த உயரம் மழையில் நனைந்த மாலைப் பயணத்தில் இரண்டு விரல் இறங்கியிருக்கும்.

வேவ் வண்டிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இவை 1958இல் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் வழியில் வந்தவை. முன்னால் கால் வைத்து ஏற இடம் விடுவதற்காக இவற்றில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையின் பின்பகுதியைத் தூக்கினால்தான் பெட்ரோல் ஊற்ற முடியும். இருக்கையின் குறுக்கே வார் போட்டுக் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் பையைக் கழற்ற வேண்டும். சாலையோரத்தில் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி ஊற்றும் நமக்கு இது சிறிய தொல்லை அல்ல. அவசரத்தில் பாதி அவிழ்த்து, பாதி இழுத்து ஊற்றும்போது வாரிலும் பையிலும் பெட்ரோல் சிந்தும், பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கும். இதற்குப் பயந்து சிலர் வாரை இருக்கைக்கு அடியில் நுழைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இருக்கையின் ரப்பர்க் குமிழ்கள் தம் இடத்தில் உட்காருவதில்லை, பூட்டு முழுதாக விழுவதில்லை, கீழே போகும் ஒயரும் குழாயும் நசுங்கக்கூடும். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் வாரை இருக்கைக்குப் பின்னால் கேரியரின் மேல் போடலாமே என்று தோன்றும். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் எடையின் இடம் பற்றிய கணக்கு வருகிறது. வேவ் வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். இரண்டு பைகளிலும் சேர்த்து 20 கிலோ இருக்கிறது, அதன் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பின்சக்கரத்தின் மேல் கூடும் எடை 20 கிலோ அல்ல, 25 கிலோ. அந்தக் கூடுதல் 5 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்டது. முன்சக்கரத்தின் பிடிப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. ஈரச் சாலையில் முன் பிரேக் பிடிக்கும்போதும் சரளைக் கல்லில் திருப்பும்போதும் கைப்பிடியில் ஒரு லேசான மிதப்பாக அதை உணரலாம். அதே 20 கிலோ பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் முன்சக்கரத்துக்கு 3 கிலோவுக்குச் சற்று மேலே கூடுகிறது. அரை மீட்டர் தள்ளி வைப்பதில் முன்சக்கரத்தில் 8 கிலோ வேறுபடுகிறது. நூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டிக்கு இது பெரிய தொகை.

ஆகவே என் விடை இதுதான்: பைகளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றைத் தாங்க இரண்டு பக்கமும் குழாய்ச் சட்டம் போடுங்கள். எடை சட்டத்தின் அடிக்கம்பியில் உட்காரட்டும். வார் பையை விழாமல் பிடிக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். இரு பக்கமும் பெரிய மூங்கில் கூடைகளைக் கட்டிக் காய்கறி விற்கும் வண்டிகளை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கூடையை வாரில் தொங்கவிடுவதில்லை, கீழே ஒரு தாங்கு சட்டத்தில்தான் உட்கார வைக்கிறார்கள். அந்த முறையைச் சிறிதாக்கி, முன்னால் தள்ளிச் செய்தால் போதும்.

சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் பிழைகள் எல்லாம் இங்கேதான். முதலாவது, எதில் மாட்டுவது என்பது. ஒவ்வொரு பக்கச் சட்டத்துக்கும் குறைந்தது மூன்று பிடிப்புகள் வேண்டும், அவை ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அமைய வேண்டும். கேரியர் போல்ட் ஒன்று, பின்னால் இருப்பவரின் ஃபுட்ரெஸ்ட் வண்டியின் சேசிஸில் (உடற்கூட்டில்) மாட்டப்பட்டிருந்தால் அந்த இடம் ஒன்று, இரண்டு பக்கச் சட்டங்களையும் நம்பர் பிளேட்டுக்குக் கீழே இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று என்பது நல்ல அமைப்பு. அந்தக் குறுக்குக் குழாயைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் இரண்டு சட்டங்களும் தனித்தனியே உள்ளும் புறமும் ஆடி, சில மாதங்களில் பற்றவைத்த விளிம்பில் விரிசல் விழும். சூப்பர் கப் வகைப் பழைய வண்டிகளில் பின்னால் இருப்பவரின் ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலேயே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சட்டத்தின் ஒரு காலை மாட்டவே கூடாது. ஸ்விங் ஆர்ம் சக்கரத்தோடு ஏறி இறங்கும், சேசிஸ் அப்படி இறங்காது. இரண்டையும் ஒரே இரும்பால் கட்டிவிட்டால் ஒன்று ஷாக் வேலை செய்யாது, அல்லது இரும்பு முறியும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இருக்கையை அழுத்திக் குதிக்க வைக்கும்போது ஃபுட்ரெஸ்ட் சக்கரத்தோடு நிற்கிறதா, உடலோடு இறங்குகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஷாக்கின் மேல் நட்டைக் கழற்றி அதில் தகடு நுழைத்துச் சட்டத்தை மாட்டுவதும் இங்கே வழக்கம். அதை முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தகடு சேர்த்த அளவுக்கு நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைகிறது. மூடிபோன்ற நட் இருப்பதால் எத்தனை மரை பிடித்திருக்கிறது என்பது கண்ணுக்கும் தெரியாது. சாதாரண நட்டாக இருந்தால் அதற்கு வெளியே ஒன்றிரண்டு மரையாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; மூடி நட்டில் எத்தனை சுற்றுப் பிடிக்கிறது என்பதைக் கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். தகடு போட்ட பிறகு அந்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஷாக் கழன்றால் பை விழுவதோடு முடியாது.

இரண்டாவது, என்ன இரும்பு என்பது. 10 மில்லிமீட்டர் கனக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்வது எளிது, அதனால் பட்டறையில் அதைத்தான் கையில் எடுப்பார்கள். 16 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாய் அதைவிட எடை குறைவு; வளைவை எதிர்க்கும் திறனிலோ மூன்று மடங்குக்கு மேல் கூடுதல். குழாயையே கேளுங்கள். தண்ணீர்க் குழாய்க்கான கால்வனைஸ் குழாய் மலிவாகக் கிடைக்கும் என்று அதைப் பற்றவைக்கச் சொன்னால், பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுக்கச் சுரண்டிய பிறகே செய்யச் சொல்லுங்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டருக்கும் குடும்பம் உண்டு. பற்றவைப்பையும் அந்தப் பூச்சு நன்றாகவே கெடுக்கும்.

மூன்றாவது, எங்கே பற்றவைப்பது என்பது. சட்டத்தை வண்டியில் வைத்து அளவு குறித்து, கழற்றி எடுத்துத் தனியே பற்றவைக்க வேண்டும். வண்டி மேலேயே பற்றவைப்பதை எந்த வெல்டர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் டேங்க் ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. பெட்ரோலை மின்னணு முறையில் செலுத்தும் இன்ஜெக்ஷன் வகை வண்டியாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் மின்னணுப் பெட்டியும் போய்விடக்கூடும். சேசிஸ் குழாய் மெல்லியது. அதில் நேரடியாக ஒரு பொட்டு வைத்தாலும் அந்த இடத்தைச் சுற்றி இரும்பின் தன்மை மாறி, பிறகு அங்கிருந்துதான் விரிசல் ஓடும். போல்ட்டில் மாட்டும் சட்டத்தை நாளைக்குக் கழற்றலாம், வண்டியை விற்கும்போதும் சிக்கல் இல்லை.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் நட்டுகள் தளர்வது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மருந்தாகப் பிளவுபட்ட ஸ்பிரிங் வாஷரை எல்லோரும் போடுகிறார்கள். போல்ட்டின் நீளவாட்டில் இழுக்கும் விசையைவிடக் குறுக்கே முன்னும் பின்னும் தள்ளும் அசைவுதான் நட்டை அதிகம் தளர்த்துகிறது என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் சோதித்துக் காட்டினார். அவர் பெயராலேயே வழங்கும் அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. எனவே நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள், அல்லது மரையில் லாக் பசை இடுங்கள். அடியில் அகலமான தட்டை வாஷர் வையுங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரும் 8 மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன் மீட்டரும் போதுமான இறுக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாத இடத்தில் நீளமான ஸ்பேனரால் பலம்கொண்ட மட்டும் திருகி மரையை அறுத்துவிட வேண்டாம். நைலான் நட்டைப் பல முறை கழற்றி மாட்டினால் அதன் பிடி போய்விடும். கையால் சுற்றவே இலகுவாக ஓடினால் புதியது வாங்குங்கள்.

இனி சைலன்சர். உங்கள் வலப்பக்கப் பை கருகியதற்குக் காரணம் அது சைலன்சர் மேல் படுத்திருந்ததுதான். நைலான் துணி 220 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் ரெக்ஸினின் மேற்பூச்சான பிவிசி 80 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். எந்த இடம் எவ்வளவு சுடுகிறது என்பதை அறியத் தனிக் கருவி வேண்டாம். தட்டோனிலிருந்து மொட்டமா வரை ஓட்டி வந்து நிறுத்தியதும் சைலன்சர் நெடுகச் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறிக் கொதித்து மறையும் பகுதி நூறு டிகிரிக்கு மேல் இருக்கிறது. அதற்கு நேர் மேலே பையின் அடி வரவே கூடாது. மற்ற பகுதிக்கு மேலே நான்கு விரல் இடைவெளி, இடையில் ஒரு தகரத் தடுப்பு என்பதே நான் என் பட்டறையில் வைத்துக்கொள்ளும் அளவு. தகரத்தைச் சைலன்சரோடு ஒட்ட வைத்தால் அதுவும் சுடும். இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக வழி வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களிடம் ஹோண்டா கிளிக் போன்ற ஸ்கூட்டர்கள் இருக்கும் என்பதால். வேவ் வண்டியில் சைலன்சர் சேசிஸோடு இருக்கிறது. வண்டி குதித்தாலும் பைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. ஸ்கூட்டரில் இன்ஜினும் சைலன்சரும் பின்சக்கரமும் ஒரே தொகுதியாக ஏறி இறங்குகின்றன. நிற்கும்போது நான்கு விரல் இருந்த இடைவெளி குழியில் விழும்போது ஒன்றுமில்லாமல் போகலாம். இதைச் சோதிக்கப் பையின் அடியில் ஈரக் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து நன்றாகக் குதித்துப் பாருங்கள். உருண்டை நசுங்கியிருந்தால் பை இன்னும் மேலே போக வேண்டும். டயருக்கும் பைக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிய வேவ் வண்டியிலும் இதே சோதனை உதவும்.

பையின் அடி பின் அச்சின் மட்டத்துக்குக் கீழே இறங்காமலும், முன்விளிம்பு பின்னால் இருப்பவரின் குதிகாலைத் தொடாமலும் சட்டத்தின் உயரத்தையும் நீளத்தையும் அமையுங்கள். பின் இண்டிகேட்டரையும் சிவப்பு விளக்கையும் பை மறைக்கிறதா என்று பத்து நடை பின்னால் நின்று, பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். மறைத்தால் இண்டிகேட்டரைச் சட்டத்தின் பின்முனைக்கு மாற்றிக்கொள்ளலாம், எளிய வேலை.

பையும் பிளாஸ்டிக் பக்கமூடியும் உரசும் இடத்தில் பழைய டியூப்பை வெட்டி ஒட்டுங்கள். அதே டியூப் வாரைச் சுமை கட்டப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடிக்காதது. வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் வெடித்து ஒரு நாள் ஓட்டத்தில் அறும், அறுந்த முனை செயினில் சுற்றினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கொக்கி வைத்த ரப்பர்க் கயிறு இன்னும் மோசம். அவிழ்க்கும்போது நழுவிக் கண்ணில் அடிக்கும். பக்கிள் வைத்த நாடாவார் வாங்குங்கள், மிச்சமாகத் தொங்கும் முனையைச் சுருட்டிக் கட்டுங்கள். இடப்பக்கம் செயின் இருக்கிறது, வலப்பக்கம் பின் பிரேக்கின் கம்பி இருக்கிறது. தளர்ந்த வார் போய்ச் சேரும் இடங்கள் இவை இரண்டும்தான்.

மழையைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மௌல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நீர் புகாது என்று எழுதி விற்கும் பையிலும் துணி வழியே புகாத தண்ணீர் தையல் துளை வழியே புகும். துணிக் கட்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை மூன்று முறை மடித்துச் சுருட்டிக் கட்டிய பிறகே பைக்குள் வையுங்கள். பையின் அடியில் ஒரு சிறிய வடிகால் துளையும் இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே தேங்கும் தண்ணீரையும் சேர்த்துச் சுமப்பீர்கள்.

எடைக்கு வருவோம். ஒவ்வொரு வண்டிக்கும் அதிகபட்சச் சுமை என்று ஓர் அளவைக் கையேட்டில் கொடுத்திருப்பார்கள். அதில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சரக்கு மூன்றும் அடக்கம். அந்த எண் 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், உங்கள் எடை 65, மனைவி எடை 55 என்றால், சட்டம், பை, துணி எல்லாம் சேர்ந்து 30 கிலோவுக்குள் முடிய வேண்டும். தனியாக வரும் நாளில்கூட ஒரு பக்கத்துக்கு 10 வீசை, அதாவது 16 கிலோ அளவுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் தாங்கினாலும் டிரம் பிரேக்கும் சிறிய ஷாக்கும் அதற்குமேல் திணறும். இரு பக்க எடையும் ஒன்றிரண்டு கிலோவுக்குள் ஒத்திருக்கட்டும். சந்தையில் துணியைத் தராசில் போடும்போதே இரண்டு பங்காகப் பிரித்துவிடலாம். கனமான கட்டு அடியிலும் முன்புறத்திலும், லேசானது மேலேயும் பின்னாலும் போகட்டும். சுமை ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் நடு ஸ்டாண்டில் நடக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கிறது. 1970 முதல் நம் நாட்டில் வலப்பக்கம் ஓட்டுவதால் சாலையோரத்தில் நிறுத்தினால் வண்டி சாலையை நோக்கித்தான் சாய்கிறது. சுமையோடு அப்படி நிற்கும் வண்டியின் இடப்பக்கப் பை போகிற பஸ்ஸுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும், மழைக்காலச் செம்மண்ணில் ஸ்டாண்டும் புதைந்துவிடும்.

மனைவி வரும் நாள்களுக்கு என்ன செய்வது? நம் பெண்கள் பலர் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் வருகிறார்கள். பையோடு அப்படி உட்கார்ந்தால் இரண்டு காலும் ஒரே பக்கப் பையின் மேல் தொங்கும், ஃபுட்ரெஸ்டில் ஊன்ற முடியாது, திடீர் பிரேக்கில் பிடிமானம் இருக்காது. அவருடைய எடையே ஒரு பக்கம் சாய்ந்திருக்க, பையை எவ்வளவு சமமாக நிறைத்தாலும் பயன் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: இரு பக்கமும் கால் போட்டு உட்காரவும் இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்டில் ஊன்றவும் அவர் உடன்பட்டால் பாதிச் சுமையோடு வரலாம். உடன்படவில்லையென்றால் அன்று பைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், துணிக் கட்டு பஸ்ஸில் வரட்டும். பையைப் பக்கிளில் மாட்டுவதற்கு நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். ஐந்து நிமிடத்தில் கழற்ற முடிந்தால்தான் நீங்கள் கழற்றுவீர்கள்.

இரும்புப் பெட்டி பற்றிக் கேட்டீர்கள். பூட்டலாம், மழை புகாது, சட்டத்தில் உறுதியாக நிற்கும், நன்மைகள் உண்மையானவை. எடை கூடும், உங்கள் 30 கிலோவில் ஐந்தாறு கிலோவைப் பெட்டியே தின்றுவிடும். வண்டி சரிந்தால் காலைக் காப்பது எது என்பதில் அனுபவமுள்ளவர்களே வேறுபடுகிறார்கள். பெட்டி தரையில் ஊன்றிக் காலுக்கு இடம் விடும் என்பார்கள் சிலர். கால் பெட்டிக்கு அடியில் சிக்கி முறிந்ததைப் பார்த்தவர்கள் துணிப் பையே மேல் என்பார்கள். இரண்டும் நடக்கக்கூடியவை. சேற்றுச் சாலையில் காலை ஊன்றி ஊன்றி ஓட்டுபவருக்குத் துணிப் பை நல்லது என்பது என் சாய்வு. நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓட்டி, பொருளைப் பூட்டி வைக்க வேண்டியவருக்குப் பெட்டி பொருந்தும். துணி வியாபாரத்துக்குப் பூட்டு பெரிதாகத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

சுமை ஏற்றிய பிறகு ஓட்டத்திலும் சில மாற்றங்கள் வேண்டும். பின் டயர்க் காற்றை, செயின் மூடியிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருவருக்கு என்று எழுதியுள்ள அளவுக்கு ஏற்றுங்கள், வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒருவருக்கான அளவுக்குக் குறையுங்கள். பின்பகுதி அமுங்கினால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருபவர் கண் கூசும். இரவில் வருவதாக இருந்தால் சுமையோடு நிறுத்தி விளக்கைச் சற்றுத் தாழ்த்துங்கள். செயினின் தளர்வைச் சுமை ஏற்றிய நிலையிலும் ஒரு முறை பாருங்கள். ஸ்விங் ஆர்ம் ஏறும்போது செயின் இறுகும். வெறும் வண்டியிலேயே இறுக்கமாக வைத்திருந்தால் சுமையில் அது கம்பிபோல் நிற்கும், பேரிங் கெடும்.

மொட்டமாவையும் மௌல்மீனையும் இணைத்து 2005இல் திறக்கப்பட்ட சால்வின் பாலத்தில் பக்கக் காற்றை நீங்கள் அறிவீர்கள். நிறைந்த பை அந்தக் காற்றுக்கு அகலமான முகம் கொடுக்கிறது. அங்கே வேகத்தைக் குறைத்து, ஓரச் சுவரை ஒட்டாமல் நடுவில் சற்று இடம் விட்டுப் போங்கள். நேர்ச்சாலையில் வேகம் கூடும்போது பின்பகுதி இடமும் வலமுமாக நெளியத் தொடங்கினால் கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள், பிரேக்கையும் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டால் நெளிவு தானே அடங்கும். அது அடங்கிய பிறகு நிறுத்தி, எடை பின்னால் நகர்ந்திருக்கிறதா, சட்டத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே மேலே போங்கள்.

சட்டம் மாட்டியதும் முதலில் சுமையில்லாமல் ஒரு சுற்று, பிறகு பாதிச் சுமையோடு ஒரு மௌல்மீன் பயணம் போய் வாருங்கள். முதல் 50 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புதிய வர்ணப் பூச்சு நட்டுக்கு அடியில் நசுங்குவதால் முதல் இறுக்கம் எப்படியும் சற்றுக் குறைந்திருக்கும். அதன் பின் மாதம் ஒரு முறை போதும். பற்றவைத்த விளிம்புகளைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது வர்ணத்தின் மேல் மயிரிழைபோலத் துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று பொருள். அதன் மேலேயே இன்னொரு முறை பற்றவைக்காமல், சட்டத்தைக் கழற்றி அந்த மூலையில் ஒரு முக்கோணத் தகடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.